கடற்கரையிலும் குளக்கரையிலும் கூடாரம்

மலைக்காட்டில் கூடாரம் அடித்துப் பழகியவர்களுக்குக் கடற்கரை எளிதாகத் தோன்றும். ஏற்றம் இல்லை, அட்டை இல்லை, நடுங்க வைக்கும் குளிர் இல்லை. வண்டி மணல் விளிம்பு வரை போய்விடும். ஆனால் மணலில் முளை நிற்காது. இரவில் கடல் ஏறும். குடிக்கத் தண்ணீர் பக்கத்தில் இருக்காது. நீங்கள் படுத்திருக்கும் இடம் விடிவதற்குள் இன்னொருவரின் தொழில்களமாகிவிடும்.

இந்த அத்தியாயத்தை ராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கடலும் நன்னீரும் இங்கே அருகருகே இருக்கின்றன. கரையிலிருந்து சிறிது தூரம் உள்ளே வந்தால் ஊருணி, கண்மாய், தேரிக்காட்டுச் சுனை என்று ஏதாவது ஒன்று கிடைக்கும். முதல்முறை போகிறவர்கள் இரண்டு இரவுகளாகத் திட்டமிடுங்கள். முதல் இரவு கடலோரம், மறு இரவு குளக்கரை. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். உப்பும் மணலும் ஒட்டிய உடம்போடு வீடு திரும்புவதைவிட நன்னீரில் குளித்துவிட்டுத் திரும்புவது நல்லது.

### எந்த மாதம்?

தை நடுவிலிருந்து பங்குனி தொடக்கம் வரை, அதாவது ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். கண்மாய்களில் தண்ணீர் நிற்கும். வெயில் இன்னும் ஏறியிருக்காது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை போகவே வேண்டாம். அது புயல் காலம். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல் இதே கரையில் ஏறியதுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று மணலை வாரி இறைக்கும். தேரிப் பக்கம் கண் திறக்க முடியாது. ஏப்ரல், மே மாதங்களில் பல குளங்கள் வற்றிவிடும். அந்த மாதங்களில் இன்னோர் ஆபத்தும் உண்டு: கள்ளக்கடல்.

தெற்கே, இந்தியப் பெருங்கடலின் வெகுதொலைவில் வீசும் புயலால் எழும் நெட்டலைகள் இங்கே வந்து சேரும்போது, உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாமலேயே கடல் திடீரென்று ஏறும். வானம் தெளிவாக இருக்கும் என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்ட லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் உயிரிழந்தது இப்படி ஒரு கடலில்தான். எச்சரிக்கை முன்பே விடப்பட்டிருந்தது. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், இன்காய்ஸ், இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. கிளம்பும் நாள் காலையிலும், கூடாரம் அடிக்கும் முன்பும் அதைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

### யாரிடம் கேட்க வேண்டும்?

காலியாகத் தெரியும் கடற்கரை எதுவும் உண்மையில் காலி இல்லை. சில இடங்களில் தங்கவே கூடாது:

- மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகள். அனுமதியின்றிக் கால் வைப்பதே குற்றம்.
- கோடியக்கரை போன்ற சரணாலயங்கள். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற பறவைகள் சரணாலயக் கண்மாய்கள்.
- தனுஷ்கோடி. மாலைக்குள் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள்.
- வனத்துறையின் சவுக்குத் தோப்புகள், அனுமதி இல்லாமல்.

மற்ற இடங்களில் இந்த வரிசையில் செல்லுங்கள்.

1. இரண்டு நாள் முன்பே அந்த எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்தில் சொல்லுங்கள். எத்தனை பேர், எந்த வண்டி, எத்தனை இரவு என்று எழுதிக் கொடுங்கள். இது பாதுகாப்புக் கண்காணிப்பு மிகுந்த கரை. இரவில் டார்ச் ஒளியைப் பார்த்தால் கடலோரக் காவல் படையினர் வந்து விசாரிப்பார்கள். முன்பே சொல்லியிருந்தால் பிரச்சினை இல்லை.
2. மீனவர் குடியிருப்பு இருந்தால் ஊர்ப் பெரியவர்களைப் பாருங்கள். ஊர்க்கமிட்டியின் சொல்லுக்கு இங்கே மதிப்பு அதிகம். அவர்கள் வேண்டாம் என்றால் காரணம் கேட்டு வாதாடாமல் அடுத்த ஊருக்குப் போங்கள்.
3. கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் நேராகக் கேளுங்கள்: "அண்ணாச்சி, ராத்திரி இங்க தங்கலாமா? காலையில இது கரைவலை இழுக்கிற இடமா? தண்ணி எது வரைக்கும் ஏறும்?" இந்த மூன்று கேள்விக்கும் கிடைக்கும் பதில் எந்தக் கைப்பேசிச் செயலியிலும் கிடைக்காது.

### கடலோரத்தில் இடம் பார்ப்பது

மாலை நான்கு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். கடலோர முகாம்களில் நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்கு மூலம் ஒன்றுதான்: இருட்டிய பிறகு வந்து, தட்டையாகத் தெரிந்த இடத்தில் கூடாரம் அடிப்பது. ஈரமணல்தான் எப்போதும் தட்டையாக இருக்கும். அது கடலின் இடம்.

1. குப்பைக் கோட்டைக் கண்டுபிடியுங்கள். பாசி, கிளிஞ்சல், தெர்மகோல் துண்டு, அறுந்த வலை எல்லாம் ஒரு வரிசையாக ஒதுங்கியிருக்கும். சமீபத்தில் நீர் வந்துபோன எல்லை அது. சில சமயம் இரண்டு மூன்று கோடுகள் இருக்கும். கரைப்பக்கம் தள்ளியிருப்பதையே கணக்கில் கொள்ளுங்கள்.
2. அடம்பங்கொடியைத் தாண்டி உள்ளே வாருங்கள். ஆட்டுக்குளம்பு வடிவ இலையும் ஊதாப் பூவும் கொண்ட கொடி அது. அதோடு ராவணன்மீசைப் புல்லும் வளர்ந்திருக்கும். அலை அடிக்கடி வந்து அடிக்கும் இடத்தில் இவை நிலைக்காது. கொடிகளின் மேலேயே கூடாரம் அடித்துவிடாதீர்கள். மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பவை அவைதான்.
3. அமாவாசை, பௌர்ணமி பாருங்கள். தமிழகக் கரையில் ஓதம் ஏறி இறங்கும் உயரம் பொதுவாக ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் சரிவு குறைந்த கரையில் அந்த ஒரு மீட்டர், நிலத்துக்குள் வெகுதூரம் வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் மிக மேலே ஏறும். நாளுக்கு இருமுறை ஏற்றம் உண்டு. ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும்.
4. படகுகளுக்கு வழி விடுங்கள். வள்ளங்கள் ஏறும் தடம், வலை உலர்த்தும் இடம், மீன் ஏலம் நடக்கும் இடம் எதையும் மறிக்கக் கூடாது.
5. தலைக்கு மேலே பாருங்கள். தென்னை மரத்தடியும் பனை மரத்தடியும் வேண்டாம். தேங்காய் மட்டும் விழுவதில்லை. காற்றில் காவோலையும் விழும், அதன் கருக்கு தோலைக் கிழிக்கும்.
6. முகத்துவாரத்தை விட்டு விலகுங்கள். ஆறோ ஓடையோ கடலில் கலக்கும் இடத்தில் கரை ஓர் இரவில் இடம் மாறும்.

குறிப்பு: இடம் முடிவானதும் குப்பைக் கோட்டில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். படுக்கும் முன்பும், இரவில் விழிப்பு வரும்போதும் அதைப் பாருங்கள். குச்சி நனைந்திருந்தால் எல்லோரையும் எழுப்பி இடம் மாறுங்கள்.

### மணலில் கூடாரம் நிற்க

கூடாரத்தோடு வரும் கம்பி முளைகள் மணலில் பயன்படாது. அடித்தவுடன் பிடித்ததுபோல் இருக்கும். முதல் பலத்த காற்றில் கழன்றுவிடும். கழன்ற முளை கயிற்றோடு சுழன்று கண்ணில் அடித்தால் பெரிய காயம். வேறு முறை இருக்கிறது. செலவு இல்லை.

1. ஒரு கூடாரத்துக்கு எட்டு சிறிய துணிப்பைகள் கொண்டுபோங்கள். பழைய அரிசிச் சாக்கை வெட்டித் தைத்தாலும் போதும். மெல்லிய பிளாஸ்டிக் பை வேண்டாம்; கிழிந்து மணலோடு போய்விடும்.
2. கூடாரத்தின் ஒடுங்கிய பக்கத்தைக் காற்றுக்கு எதிராக வையுங்கள். பகலில் கடற்காற்று கரைக்கு வீசும். விடியும் நேரத்தில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். வாசலை இரண்டுக்கும் பக்கவாட்டில் வைத்தால் எப்போது திறந்தாலும் மணல் உள்ளே வராது.
3. ஒவ்வொரு கயிறும் தரையைத் தொடும் இடத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டுங்கள்.
4. பையில் ஈரமணல் நிரப்பி, வாயை இறுகக் கட்டி, கயிற்றைப் பையின் நடுவில் சுற்றி முடிச்சிடுங்கள்.
5. பையைக் குழியில் படுக்கவைத்து, மணலை மூடி, காலால் மிதித்து இறுக்குங்கள்.
6. கயிறு தரையோடு சாய்வாகப் போக வேண்டும். செங்குத்தாக நின்றால் பை மேலே இழுபடும்.
7. அரை மணி நேரம் கழித்து எல்லாக் கயிறுகளையும் மீண்டும் இழுத்துப் பாருங்கள். மணல் அமர்ந்து சில தளர்ந்திருக்கும்.

கூடாரத்துக்குள் ஒருபோதும் அடுப்பு பற்றவைக்காதீர்கள். தீப்பிடிப்பது மட்டுமே ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். மூடிய கூடாரத்தில் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும். சமையல் திறந்த வெளியில், காற்றுத் திசையின் கீழ்ப்புறத்தில், சிறிய எரிவாயு அடுப்பில் மட்டும். உலர்ந்த சவுக்கு இலை ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். அதனால் தோப்பின் அருகே விறகுத் தீ கூடவே கூடாது.

### குடிநீர்

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க மட்டும் 4 முதல் 5 லிட்டர். சமையலுக்கும் கைகால் அலம்பவும் இன்னும் அதே அளவு. முதல் இரவுக்கான நீர் முழுவதையும் கையோடு கொண்டுபோங்கள். "போகிற இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கு இந்தக் கரையில் இடமில்லை.

இங்கே கடலோர மணலில் நல்ல தண்ணீர் உண்டு என்பது உண்மைதான். தனுஷ்கோடியில் மீனவக் குடும்பங்கள் மணலில் ஊத்துத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு குடிக்கிறார்கள். திருச்செந்தூரின் நாழிக்கிணறு கடலுக்கு மிக அருகில் இருந்தும் உப்புக் கரிப்பதில்லை. மணலில் இறங்கும் மழைநீர், எடை கூடிய உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. மேலாக அள்ளினால் நன்னீர். ஆழமாகத் தோண்டினாலோ அதிகமாக இறைத்தாலோ உப்புநீர் மேலே வந்து ஊத்தே கெட்டுவிடும். அதனால் நீங்களாக ஊத்துத் தோண்டாதீர்கள். இருக்கும் ஊத்தில் ஒரு குடம் வேண்டுமானால் அங்கே நீர் எடுக்கும் பெண்களிடம் கேளுங்கள். ஒரு குடம் சுரக்க அவர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்த பிறகு கேளுங்கள்.

குளத்து நீரைக் குடிக்க வேண்டி வந்தால்:

1. நான்காக மடித்த பருத்தித் துணியில் வடிகட்டுங்கள்.
2. கலங்கலாக இருந்தால் பாத்திரத்தின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரைத்து நீரை ஊற்றி வையுங்கள். சேறு அடியில் படியும். இது நீரைத் தெளிய வைக்கும், கிருமியைக் கொல்லாது.
3. தெளிந்த நீரை மட்டும் எடுத்து, கொதி வந்த பிறகு குறைந்தது ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள்.
4. மூடி வைத்து ஆற விடுங்கள்.

கொதிக்க வைத்தால் உப்பு போகாது. வயலிலிருந்து வடிந்த பூச்சிமருந்தும் போகாது. வயலுக்கு நடுவே இருக்கும் குட்டைநீரைக் குடிக்கவே வேண்டாம்.

### குளக்கரையில்

எந்தக் குளம் எதற்கு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ராமநாதபுரம் பக்கம் ஊருக்கு ஊர் குடிநீர் ஊருணி தனி, குளிக்கிற ஊருணி தனி, ஆடுமாட்டுக்குத் தனி. குடிநீர் ஊருணியில் செருப்போடு இறங்கக் கூடாது, கால் கழுவக் கூடாது, சோப்பு கூடவே கூடாது. பலகை இல்லை என்பது அனுமதி ஆகாது. தண்ணீர் எடுக்க வரும் ஆச்சியிடம் "இது குடிக்கிற தண்ணியா?" என்று கேட்டுவிட்டே கரையேறுங்கள். கோயில் சுனைகளுக்கும் இதே கவனம் வேண்டும். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் தேரிமணலுக்கு நடுவே சுனை இருக்கிறது. அது வழிபாட்டு இடம். பார்த்து வாருங்கள், கூடாரம் வேறு இடத்தில்.

கண்மாயில் இடம் பார்க்கும்போது:

- கலிங்குக்குக் கீழேயும் அதன் ஓடையிலும் தங்காதீர்கள். தொலைவில் மழை பெய்து கண்மாய் நிரம்பினால் நீர் அந்த வழியாகத்தான் பாயும்.
- கரையின் உச்சியில் வேண்டாம். அது வண்டித்தடம், எலி வளையும் அதைத் தேடி வரும் பாம்பும் அங்கேதான் அதிகம்.
- வற்றிய நீர்ப்பிடிப்பில் வேண்டாம். மெத்தென்று இருக்கும், இரவில் கொசு தூங்க விடாது, காலையில் வண்டி சேற்றில் புதைந்திருக்கும்.
- நீர் விளிம்பிலிருந்து குறைந்தது 200 அடி தள்ளி, கரைக்கு வெளியே மேடான தரிசு பாருங்கள். ஆடுமாடு தண்ணீருக்கு வரும் வழியை விட்டு ஒதுங்குங்கள்.

கூடாரத்தின் அடியில் தடித்த தார்ப்பாய் கட்டாயம் விரியுங்கள். சீமைக்கருவேல முள் மெல்லிய அடித்துணியை மட்டுமல்ல, வண்டிச் சக்கரத்தையும் குத்திவிடும். விரிக்கும் முன் அந்த இடத்தைச் செருப்புக் காலால் கூட்டித் தள்ளுங்கள்.

குளியல் குளத்துக்கு வெளியே. வாளியில் மொண்டு, 200 அடி தள்ளிக் கொண்டுபோய்க் குளியுங்கள். மலம் கழிக்கவும் அதே தூரம். அரை அடிக்கு மேல் குழி தோண்டி மூடுங்கள். ஊரில் பொதுக் கழிப்பறை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

### தண்ணீரில் இறங்குவதற்கு முன்

கடல்: அலைகள் இரண்டு பக்கமும் உடைந்து, நடுவில் மட்டும் உடையாமல் அமைதியாகத் தெரியும் இடம்தான் ஆபத்தானது. கரைக்கு வந்த நீர் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்பும். அதில் சிக்கினால் கரையை நோக்கி நீந்தாதீர்கள், களைப்புதான் கொல்கிறது. மிதந்தபடி கையை உயர்த்துங்கள். இழுவை தளர்ந்ததும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறி, அதன் பிறகு கரைக்குத் திரும்புங்கள். இருட்டிய பிறகு யாரும் இறங்கக் கூடாது; மது அருந்தியவர் எப்போதும் இறங்கக் கூடாது.

ஆழமில்லாத நீரில் கால்களைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்தபடி நடந்தால் புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போகும். முள் குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டு நீரில் காயத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்தால் வலி குறையும். சூட்டைக் குத்துப்படாதவர் கையால் பாருங்கள். மார்பிலோ வயிற்றிலோ குத்தினாலும், முள் உடைந்து உள்ளே நின்றாலும், அதைப் பிடுங்காமல் நேரே மருத்துவமனை. சொறி (ஜெல்லிமீன்) பட்டால் தேய்க்காதீர்கள், கடல்நீராலேயே அலசுங்கள். மூச்சுத் திணறினால் காத்திருக்க வேண்டாம்.

குளம்: அசையாத நீர் என்ற தைரியத்தில்தான் குளத்தில் பலர் இறக்கிறார்கள். மண் அள்ளிய பள்ளம் மேலிருந்து தெரியாது. முழங்கால் ஆழத்தில் நிற்பவர் அடுத்த அடியில் ஆளையே மூடும் ஆழத்தில் இருப்பார். தாமரை, அல்லிக் கொடிகள் காலைச் சுற்றும். மதகின் அருகே நீர் உள்ளிழுக்கும். தலைகீழாகக் குதிக்கவே கூடாது. அடியில் கல் இருக்கலாம். தேங்கிய வெதுவெதுப்பான நீர் மூக்கில் ஏறினால் மூளையைத் தாக்கும் அமீபா தொற்றும் அபாயமும் உண்டு. தொற்றுவது அபூர்வம், தொற்றினால் பிழைப்பது கடினம். காலில் புண் இருந்தால் எலிக்காய்ச்சலும் வரலாம். கொள்ளிடத்தை ஒட்டிய சிதம்பரம் பகுதிக்குப் போகிறவர்கள் நீரில் இறங்கவே வேண்டாம்; அங்கே முதலைகள் உண்டு.

குறிப்பு: காலியான ஐந்து லிட்டர் கேனை இறுக மூடி, கைப்பிடியில் 15 மீட்டர் கயிறு கட்டிக் கரையில் வையுங்கள். யாராவது தத்தளித்தால் கேனை வீசுங்கள், நீங்கள் குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறந்த செய்தி நம் நாளிதழ்களுக்குப் புதிதல்ல.

### பாம்பு, இடி

வறண்ட கடலோர மணலில் சுருட்டை விரியன் உண்டு. குளக்கரையில் கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும். எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது கட்டுவிரியன். தரையில் படுத்துத் தூங்குபவரை இரவில் கடிக்கும். பல சமயம் வலியே தெரியாது. வயிற்றுவலி, இமை தொங்குவது, பேச்சுக் குழறல் என்று பிறகுதான் தெரியவரும். எனவே வெளியே பாய் விரித்துப் படுக்காதீர்கள். கூடாரத்தின் ஜிப் இரவு முழுவதும் மூடியிருக்கட்டும். வெளியே கால் வைக்கும்போதெல்லாம் டார்ச்சும் செருப்பும் வேண்டும். காலையில் ஷூவை உதறிப் போடுங்கள், தேளும் இருக்கும்.

கடித்துவிட்டால்:

1. கடிபட்டவரை நடக்க விடாமல் படுக்கவையுங்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள்.
2. கடிபட்ட கை அல்லது காலை அசையாமல் கட்டையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது.
3. 108க்கு அழையுங்கள், அல்லது உங்கள் வண்டியிலேயே அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பாம்பைத் தேடி நேரத்தை இழக்காதீர்கள்.

எந்த மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருக்கிறது என்பதைப் புறப்படும் முன்பே விசாரித்து எழுதிவையுங்கள். ஆளுக்கு ஒரு தாளில் 108, 112, கடலோர அவசர உதவிக்கு 1093, இந்தியக் கடலோரக் காவல் படைக்கு 1554 என்ற எண்கள் இருக்கட்டும். கைப்பேசி நனைந்தாலும் தாள் மிஞ்சும்.

இடி கேட்டால் கூடாரம் பாதுகாப்பில்லை, தனிமரத்தடியும் இல்லை. காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றுங்கள். கடல் வழக்கத்துக்கு மாறாக வெகுதூரம் உள்வாங்கினால் கிளிஞ்சல் பொறுக்கப் போகாமல், எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி நமக்குச் சொல்லிப்போனது அது.

### ஆமை வந்தால்

நான் சொன்ன மாதங்களில்தான் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுகின்றன. மணலில் புதைக்கப்பட்ட முட்டைகள் 45 முதல் 60 நாட்களில் பொரிகின்றன. குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடல் என்று நம்பி நகர்கின்றன. உங்கள் விளக்கு நிலப்பக்கம் எரிந்தால் அவை நிலத்துக்கு வந்து செத்துப்போகும்.

இரவு ஒன்பது மணிக்கு மேல் கடலைப் பார்த்த விளக்குகளை அணையுங்கள். ஆமையைக் கண்டால் எட்ட நின்று, ஒளி பாய்ச்சாமல், பிளாஷ் போட்டுப் படம் எடுக்காமல் பாருங்கள். முட்டையைத் தொடாதீர்கள். ஊர்க்காரர்கள் வழியாக வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.

### கிளம்பும்போது

1. மணல் பைகளைத் தோண்டி எடுத்து, மணலைக் கொட்டிவிட்டுப் பைகளை மடித்து எடுங்கள்.
2. எல்லாக் குழிகளையும் மூடிச் சமப்படுத்துங்கள். ஆமைக்குஞ்சு விழுந்தால் ஏற முடியாது. வள்ளம் தள்ளுபவரின் கால் முறியும்.
3. அறுந்த கயிறு, நைலான் துண்டு, உணவு மிச்சம் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி ஊருக்கு எடுத்துவாருங்கள். கடற்கரையில் புதைக்காதீர்கள். அடுத்த அலை தோண்டி எடுத்துவிடும்.
4. காவல் நிலையத்துக்கும் இடம் கொடுத்த ஊர்க்காரருக்கும் கிளம்பிவிட்டதாகச் சொல்லுங்கள். சொல்லாமல் போனால் கடலில் ஆள் போய்விட்டதோ என்று தேடி இறங்குபவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.